மஞ்சள் தொட்டி ஏன் நிறையவில்லை?

"நாக்குல வச்சுப் பாரு, தமிழ்" என்றார் ரேணுகாதேவி மேடம்.

அவர் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி. நாங்கள் நின்றுகொண்டிருந்தது ஆலங்காயத்தில் சேட்டுவின் உரக்கடை வாசலில். எதிரே வாணியம்பாடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதில் தாவி ஏறி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.

"மேடம், இது எதுலேர்ந்து எடுக்கறாங்கன்னு நேத்து நீங்கதான் எனக்கு விலாவாரியா சொன்னீங்க. இப்பதான் இட்லி சாப்ட்டிருக்கேன். அது உள்ளயே இருக்கட்டும், பாவம்."

என் பெயர் தமிழ்மணி. வேலூரில் துப்பறியும் ஏஜென்சி நடத்தும் மேடத்துக்கு உதவியாளன். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, திட்டு வாங்குவது, இவ்வளவுதான் என் வேலை. நாக்கை வாடகைக்கு விடுவதாகப் பேச்சே இல்லை.

கேஸ் இதுதான். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கு மேலே, பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்று. அங்கே சசிகலா என்கிற இன்ஜினியர் ஒரு திட்டம் நடத்துகிறார். கழிப்பறையிலிருந்து சிறுநீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்து ஒரு மஞ்சள் தொட்டியில் சேர்ப்பார்கள். அதில் மெக்னீசியம் உப்பைப் போட்டுக் கலக்கினால் வெள்ளை வெள்ளையாய் மணல் போல அடியில் படியும். அதை வடிகட்டிக் காயவைத்தால் உரம். மலைக்காரர்கள் அதைக் கல்லு உரம் என்கிறார்கள். போன பட்டத்தில் சாமைக்குப் போட்டுக் கதிர் நன்றாகப் பிடித்ததில் ஊரே வாயைப் பிளந்ததாம்.

இப்போது சில மாதமாய் அந்தத் தொட்டி பாதிகூட நிறைவதில்லை. விடுதியில் பிள்ளைகள் எண்ணிக்கை குறையவில்லை. ஆகவே தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கருப்பன்தான் திருடுகிறார் என்பது சசிகலாவின் முடிவு. அதை உறுதிசெய்யத்தான் எங்களை அழைத்திருந்தார்; இன்று சாயங்காலத்துக்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் போலீஸில் புகார். கருப்பனின் மகள் செந்தாமரை அதே விடுதியில் ஒன்பதாவது படிக்கிறாள். அப்பனைத் திருடன் என்று ஜீப்பில் ஏற்றிப் போனால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் அங்கே எப்படித் தலைநிமிர்ந்து படிக்கும்? எனக்கு இந்தக் கேஸே பிடிக்கவில்லை.

கருப்பன் சாக்கு மூட்டையோடு சேட்டு கடைக்கு வந்துபோவதைப் பார்த்த ஆள் இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே துப்பு அதுதான்.

மேடம் டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிவரச் சொன்னார். பொடியை அதில் போட்டு என் பேனாவாலேயே கலக்கினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடி கரைந்து காணாமல் போனது.

"கல்லு உரம் வெறும் தண்ணியில இப்படிக் கரையாது தமிழ். அடியில அப்படியே கெடக்கும். மழையில அடிச்சிட்டுப் போகாம வேருக்கு நின்னு நிதானமா போய்ச் சேர்றதே அதனாலதான். இது வேற. என்ன சேட்டு, பேதி உப்புதானே? தொட்டியில போட்டுக் கலக்கற அதே மெக்னீசியம் உப்பு?"

"ஆமாங்க" என்றார் சேட்டு. ஒல்லியான மனுஷன், காதில் பேனா செருகியிருந்தார். "தென்னைக்கும் எலுமிச்சைக்கும் போடுவாங்க. அதுக்கு இன்னாங்க இப்போ?"

"பேதி உப்பையா என்னை நக்கச் சொன்னீங்க?" என்று நான் அலறினேன்.

"இட்லி உள்ளயே இருக்கணும்னு சொன்னியே. அதுக்கும் ஒரு முடிவு தெரிஞ்சிருக்கும்." சிரிக்காமல் சொல்லிவிட்டு சேட்டு பக்கம் திரும்பினார். "கருப்பன் உங்ககிட்ட என்ன விக்கிறாரு?"

"விக்கிறாரா? அய்யய்ய! அவரு வாங்கினு போறவருங்க. காலி சாக்கோட எறங்குவாரு, இத ரொப்பினு மேல போவாரு. 'தொட்டியில கல்லு புடிக்க மாட்டேங்குது சேட்டு, உப்புல வேகம் பத்தலியோ இன்னாவோ'ன்னு உக்காந்து பொலம்புவாரு. அந்த ஆளப் போயி திருடன்றாங்களே, வாய் கூசல?"

காரில் ஏறினோம்.

"மூட்டை மலையிலேர்ந்து எறங்கல, மலைக்கு ஏறுது" என்றேன். "திருடற எடத்துல கொண்டுபோய்க் கொட்டற திருடன இப்பதான் மேடம் பாக்கறேன்."

"திருடனா இருந்தா தானே?" என்றார் மேடம்.

விடுதிக்குப் பின்னால், பலா மரத்துக்குக் கீழே இருந்தது தொட்டி. பக்கத்தில் ஒரு பம்ப் ஷெட். அதன் படியில் கருப்பன் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். எதிரே சசிகலா, தூங்காத கண்களோடு, கையைக் கட்டியபடி நின்றார்.

"பேதி உப்புன்னா கண்துடைப்பா இருக்கும் மேடம்" என்றார் சசிகலா, நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு. "தொட்டியிலேர்ந்து எடுத்து அவர் நிலத்துக்கு விட்டிருப்பாரு. இந்தத் திட்டம் நின்னுபோச்சுன்னா மலையில வேற எங்கயும் இனிமே விட மாட்டாங்க. அது உங்களுக்குப் புரியணும்."

"நான் எடுக்கலைங்க" என்றார் கருப்பன். அதைப் பலமுறை சொல்லி அலுத்த குரல். "பாப்பா செந்தாமரைக்கு வேற காய்ச்சலுங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றேன்னா, இந்தம்மா எடத்த வுட்டு நகரக்கூடாதுன்றாங்க."

மேடம் தொட்டியின் மூடியைத் தூக்கினார். அந்த நாற்றம் என்னை இரண்டடி பின்னால் தள்ளியது. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் சிறுநீர்தான் கிடந்தது. கடுங்காப்பி நிறம்.

"எப்பவும் இந்த நிறம்தானா?"

"முன்னெல்லாம் வெளுப்பா இருக்குமுங்க" என்றார் கருப்பன். "இப்பதான் இப்படி."

"சசிகலா, திருடறவன் எடுத்துட்டு என்ன பண்ணுவான்? சந்தேகம் வராம இருக்கத் தண்ணி ஊத்தி வைப்பான். இல்ல, எடுத்த மட்டும் லாபம்னு விட்டுட்டுப் போவான். ஊத்தினா வெளுக்கும். ஊத்தலன்னா பழைய நிறமே இருக்கும். இது ரெண்டும் இல்லாம கருத்துப்போயிருக்கு. அளவத் திருடலாம், நிறத்த எப்படிம்மா திருடுவான்?"

சசிகலா குனிந்து தொட்டிக்குள் பார்த்தார்.

"வெயில்ல சாலை போடறவங்க, லாரி ஓட்டறவங்க, தண்ணி குடிக்க நேரமில்லாம ஒழைக்கறவங்களுக்குத்தான் இந்த நிறத்துல போகும். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு எதுக்குப் போகுது?" என்று கேட்டுவிட்டு மேடம் விறுவிறுவென்று சமையல்கட்டைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

சமையல்கட்டில் ஜெயம்மாள் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். விடுதிச் சமையல்காரம்மா. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல ஆரம்பித்தார்.

"கொட்டத்தாங்க வேண்டியிருக்கு. கேவுரு கூழு கரைச்சா அப்படியே திரும்புது. ரசம் தொடறதில்ல, மோரு தொடறதில்ல. களியா கிண்டிப் போட்டா மட்டும் துன்றாங்க. அதுவும் மென்னு மென்னு முழுங்குதுங்க. என் கைப்பக்குவம் கெட்டுப்போச்சுன்னு வார்டனம்மா தெனம் ஏசறாங்க. நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

இந்த முறை என் நாக்குக்கு நல்ல காலம். கூழ் அருமையாக இருந்தது. மோர் ஊற்றி, வெங்காயம் அரிந்து போட்டிருந்தார்.

"விடுதிச் சாப்பாட்டத் திருப்பி அனுப்பறதுக்கு ஒரு காரணம் வேணுமா மேடம்? நான் படிச்ச விடுதியில..."

"கை கெட்டுப்போயிருந்தா களியும்ல கெட்டிருக்கணும்?" என்று வெட்டினார் மேடம். "தண்ணியா இருக்கறது மட்டும் எப்படித் திரும்பி வருது?"

சாப்பாட்டுக் கூடத்து மூலையில் குடிதண்ணீர் டிரம் இருந்தது. மூடியைத் திறந்தார். விளிம்புவரை தண்ணீர்.

"காலையில ரொப்பினீங்களா?"

"எங்கங்க! நேத்து ரொப்பினது" என்றார் ஜெயம்மாள்.

சங்கிலியில் தொங்கிய டம்ளரை மேடம் எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே காய்ந்து தூசி படிந்திருந்தது. ஒரு சிலந்தி வலைகூட கட்டியிருந்தது. இத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்தச் சிலந்தி நிம்மதியாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறது. எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"இவங்க தண்ணி குடிக்கறதில்ல தமிழ். வேணும்னே குடிக்கறதில்ல. எதுக்கு? வா, கக்கூஸப் பாக்கலாம்."

பின்பக்கக் கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. கதவு, தாழ்ப்பாள், விளக்கு எல்லாம் சரி. நான் சந்தேகப்பட்டதுபோல ஓட்டை, கேமரா எதுவும் இல்லை. மேடம் சுவரைத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அப்போதுதான் விடுதியின் முன்பக்கம், கேட்டை ஒட்டி, நீலக் கதவு போட்ட ஒரு தனிக் கழிப்பறை அவர் கண்ணில் பட்டது.

"அது என்ன?"

கூடவே வந்த சசிகலா கொஞ்சம் தயங்கினார். "அது... மாதத்துல அந்த நாட்களுக்கு. அதோட குழாய் தொட்டிக்குப் போகாது. கேட் பக்கம் பழைய செப்டிக் டேங்க் இருந்துச்சு, அதனால அங்க கட்டினோம்."

வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அழகான எழுத்தில், 'அந்த நாட்களில் மாணவிகள் இந்தக் கழிப்பறையை மட்டும் பயன்படுத்தவும்'. பிள்ளைகள் தங்கும் கூடத்திலிருந்து அதுவரைக்கும் மைதானத்தின் நடுவே ஒரு பாதை போட்டிருந்தார்கள். பாதை முழுக்கப் புல் முளைத்து என் முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒரு காலடிகூட அதில் பட்டதாகத் தெரியவில்லை. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஜீப் ஸ்டாண்டு. அதற்குப் பக்கத்தில் டீக்கடை. பெஞ்சு நிறைய ஆம்பளைகள்.

"தமிழ், அந்த நீலக் கதவு வரைக்கும் நடந்து போயிட்டு வா."

"எதுக்கு மேடம்?"

"போன்னா போ."

போனேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. பெஞ்சில் ஒருவன் திரும்பினான். அவன் பார்த்ததைப் பார்த்து அடுத்தவன் திரும்பினான். ஜீப்பின் மேலே மூட்டை கட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான். "தம்பீ, அது பொட்டைப் புள்ளைங்க போற கக்கூஸு! உனக்கு இன்னா அங்க வேல?" என்று ஒருவன் கத்த, டீக்கடையே கொல்லென்று சிரித்தது. கதவைத் தொட்டேனா இல்லையா என்றே தெரியாமல் திரும்பி ஓடிவந்தேன்.

"எப்படி இருந்துச்சு?"

"செத்துட்டேன் மேடம்."

"உனக்கு மீசை இருக்கு. ஒரு தடவதான் நடந்த. அதுவும் சும்மா நடந்த" என்றார் மேடம். பிறகு சசிகலாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. "இந்தப் பாதையில ஒரு பொண்ணு நடந்தா, இன்னிக்கு அவளுக்கு என்னன்னு டீக்கடைக்கே தெரியுமே. உங்களுக்குத் தோணலியாம்மா? நீங்களும் பொண்ணுதானே?"

சசிகலா அந்தப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "போன அறுவடைக்கப்புறம் ஊர்க்கூட்டத்துல வாக்குக் கேட்டாங்க மேடம். இந்தச் சாமை சாமிக்குப் படைக்கறது, இதுக்குப் போடற உரத்துல தீட்டு கலக்காதுன்னு சொன்னாத்தான் வாங்குவோம்னாங்க. நான் வாக்குக் குடுத்தேன். தனியா ஒண்ணு கட்டிட்டாப் போதும்னு நெனச்சேன். எடத்தப் பத்தி... நான் குழாயோட வாட்டத்த மட்டும்தான் பாத்தேன்."

"செந்தாமரை எங்க படுத்திருக்கா?"

கூடத்தின் கோடியில் ஒரு பாயில் சுருண்டு கிடந்தாள் அந்தப் பெண். போர்வைக்குள்ளேயே உதறிக்கொண்டிருந்தாள். மேடம் மட்டும் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டேன். உள்ளே போகிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தோன்றியது.

"அடிவயிறு வலிக்குதா கண்ணு? ஒண்ணுக்குப் போனா எரியுதா?"

மெல்ல அழுகை. மேடம் அவசரப்படுத்தவில்லை. நெற்றியில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணியை இரண்டு முறை நனைத்து மாற்றிய பிறகு அவள் பேசினாள்.

"எங்க ஊர்ல அந்த நாளுக்குன்னு தனிக் குடிசை இருக்குங்க. அங்க போய் உக்காந்தா எல்லாருக்கும் தெரியும். இங்க வந்தப்புறம் யாருக்கும் தெரியாது. அதுவே எங்களுக்கு அவ்ளோ சந்தோசம். அப்புறம் அந்தப் பலகைய வச்சாங்க. அந்தப் பக்கம் போனா எல்லாரும் பாக்கறாங்க. பின்பக்கம் போனா சாமி சாமைக்குத் தீட்டாயிடும். ஊர்ல யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா எங்களாலதான்னு ஆயிடும். அதான், எங்கயும் போக வேணாம்னு தண்ணிய நிறுத்திட்டோம்."

"நீ மட்டுமா?"

"பெரிய பொண்ணுங்க எல்லாருங்க. எங்களப் பாத்து சின்னதுங்களும் நிறுத்திடுச்சுங்க, அதுங்க மட்டும் எப்பவாவது பின்பக்கம் போகுங்க. ஒருத்தி மட்டும் தண்ணி குடிக்கலன்னா அவளுக்குத்தான்னு தெரிஞ்சிடும் இல்ல? அதனால எல்லாரும் எல்லா நாளும் குடிக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். விடியறதுக்கு முன்னால ஒரு தரம் எல்லாரும் சேந்து காட்டுப்பக்கம் போயிட்டு வந்துடுவோம்."

ஒருத்தியைக் காப்பாற்ற இத்தனை பிள்ளைகள் ஒன்றாகத் தாகத்தோடு கிடந்திருக்கிறார்கள். நாங்கள் வந்து உர மூட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. அவர இன்னிக்குத் திருடன்னு போலீஸ்ல குடுக்கப் போறாங்க, தெரியுமா?"

அவள் விசுக்கென்று எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல் சாய்ந்தாள். "அப்பாகிட்டயா? அப்பாகிட்ட எப்படிங்க சொல்றது? அப்பாவுக்குத்தான் மொதல்ல தெரியக்கூடாதுன்னு இருந்தேன்."

மேடம் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "காரைத் திருப்பு தமிழ். திருப்பத்தூர் ஆஸ்பத்திரி. சிறுநீர்ப் பாதையில கிருமி ஏறியிருக்கும்னு நினைக்கிறேன், இதுக்குமேல விட்டா சிறுநீரகத்துக்குப் போயிடும். மத்த பொண்ணுங்களையும் இன்னிக்கே டாக்டர் பாக்கணும். சசிகலா, அது உங்க பொறுப்பு."

சசிகலா மைதானத்தில் ஓடிப்போய் அந்தப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சிமென்டு போட்டு நட்டிருந்தது. ஆடியதே தவிர, வரவில்லை. நானும் ஜெயம்மாளும் போய்ச் சேர்ந்து தள்ளினோம். டீக்கடை மறுபடி வேடிக்கை பார்த்தது. "இன்னாடா பாக்கறீங்க, வூட்டுக்குப் போங்கடா!" என்று ஜெயம்மாள் போட்ட சத்தத்தில் பெஞ்சு காலியானது.

பம்ப் ஷெட்டுக்கு நடந்துபோய்க் கருப்பனிடம் சொன்னது மேடம்தான். தொட்டி ஏன் நிறையவில்லை, நிறம் ஏன் கருத்தது, பிள்ளைகள் ஏன் தண்ணீரைத் தொடவில்லை என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சொன்னார். சசிகலா பின்னாலேயே வந்து, "என்னை மன்னிச்சிடுங்க கருப்பன், புகார் எதுவும் இல்ல" என்றார். திருடன் என்ற பெயர் போய்விட்டது. அந்த மனுஷன் முகத்தில் ஒரு நிம்மதி வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

"அந்த வாக்க யாரு கேட்டதுன்னு இந்தம்மா சொன்னாங்களாங்க?" என்றார்.

சசிகலா தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தாங்க கேட்டேன். ஊர்க்கூட்டத்துல யாரும் வாயத் தொறக்கல. கல்லு உரம் நல்ல உரம்னு எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு. நான்தான் எழுந்து நின்னு, தீட்டு கலக்காதுன்னு சொல்லு, அப்பதான் தொடுவோம்னேன். ஊரே என்னை மெச்சிக்குச்சு."

நான் போய்க் காரைக் கொண்டுவந்தேன்.

செந்தாமரையைப் பின்சீட்டில் படுக்க வைத்து, தலையை மேடம் மடியில் ஏந்திக்கொண்டார். கருப்பன் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் பின்னால் அவள் முனகுவது கேட்டது. மேடம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனார்.

"கொஞ்சம் குடிம்மா. உதடெல்லாம் வெடிச்சிருக்கு பாரு."

"வேணாங்க" என்றாள். "ஆஸ்பத்திரி ரொம்ப தூரம். நடுவுல வந்தா எங்கங்க போறது?"

கருப்பன் திரும்பினார். "குடி கண்ணு. எங்க வேணாலும் நிறுத்தச் சொல்றேன். நான் எறங்கி ரோட்டுல நின்னு யாரும் வராம பாத்துக்கறேன். குடி."

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட்டில் மேடத்தின் கையிலேயே இருந்தது. கருப்பன் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் திருடனாவே இருந்திருக்கலாம் சார்" என்றார் என்னிடம்.

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.